சகலை வாங்க மறுத்த ஆறாயிரம்

சைலன்சர்காரர் தன் சகலைக்குத் தர வேண்டியிருந்த கடன் ஆறாயிரம். வட்டி பேசவில்லை, தவணை பேசவில்லை, சீட்டும் எழுதவில்லை. ஒரு கேஸ் வெல்டிங் செட், சிலிண்டருக்கு முன்பணம், தகரக் கொட்டகைக்கு முதல் மாத வாடகை, எல்லாம் அந்த ஆறாயிரத்தில்தான் வந்தன. நடந்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது.

வாங்கிய இரண்டாம் வருஷமே மனுஷன் அதைத் திருப்பிக் கொண்டுபோனார். ஒரு நோட்டுகூடக் குறையவில்லை. சகலைதான் வாங்கவில்லை.

"அட, உள்ள வைப்பா. உனக்கும் எனக்கும் நடுவுல என்ன கணக்கு?" என்று கையைத் தள்ளிவிட்டார்.

எவ்வளவு பெரிய மனசு என்று நெஞ்சு நிறைய வீட்டுக்கு வந்தார் சைலன்சர்காரர். அடுத்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் கை கழுவ வரிசையில் நிற்கும்போது, முன்னால் நின்ற சகலை யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. "பின்னாடி நிக்கிறானே, என் சகலை. அவன் கடையே என் பணத்துல ஆரம்பிச்சதுதான்." சைலன்சர்காரர் கழுவாத கையோடு வெளியே வந்துவிட்டார்.

இரண்டாம் முறை மனைவி மூலமாக அவள் அக்காவிடம் கொடுத்தனுப்பினார். போன பணம் பழப் பையின் அடியில் திரும்பி வந்தது. மூன்றாம் முறை சகலையின் மேஜைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். சகலை தெருவரைக்கும் துரத்தி வந்து, நாலு பேர் பார்க்க அவர் சட்டைப் பையில் திணித்தார். "பிள்ளைங்களுக்கு ஏதாவது வாங்கிக் கொடு, போ." அன்றைக்குத்தான் அவருக்கு விளங்கியது. ஆறாயிரத்தை வாங்கிக்கொண்டால் கடன் தீர்ந்துவிடும். தீர்ந்துவிட்டால் கல்யாண வீட்டில் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது.

அன்று முதல் அந்தப் பணம் வெல்டிங் ராடு வந்த ஒரு தகர டப்பாவில் உட்கார்ந்துவிட்டது. அரசாங்கம் நோட்டை மாற்றும்போதெல்லாம் அவரும் புது ஐந்நூறு ரூபாய் நோட்டாக மாற்றி வைப்பார். வீட்டில் அடுப்பு எரியாத நாள் வந்ததுண்டு. அந்த டப்பாவில் கை வைத்தது கிடையாது.

சைலன்சர் என்பது பட்டப்பெயர். வண்டியின் சத்தத்தை அடக்கும் குழாய் செய்கிறவருக்குத் தன் வாயை அடக்கத் தெரியாது என்று ஊர் வைத்த பெயர். அவர் அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். பேசட்டுமே, பேச விஷயம் இருக்கிறதா இல்லையா? ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். அளவு நாடாவில் பெரிய கோடு தெரியும், சின்னக் கோடெல்லாம் அவருக்கு எறும்பு வரிசை. அந்த ஆள் கையால் செய்த புகைக்குழாய்தான் இந்த ஊர் லாரிகளில் பாதிக்கு. கண்ணை மூடிக்கொண்டு சாலையோரம் உட்கார்ந்தாலும், போகிற வண்டி தன் கை பட்டதா படாததா என்று சத்தத்தை வைத்தே சொல்லுவார். மூன்று பெண்களைக் கரையேற்றினார், சொந்த வீடு கட்டினார், யாரிடமும் போய்க் கை நீட்டியதில்லை என்று சொல்ல வாய் திறப்பார். அங்கேதான் இடிக்கும். ஒருவரிடம் நீட்டியிருக்கிறார்.

அந்த ஒருவரை நினைத்தாலே வயிறு எரியும். நாலு தெரு தள்ளிச் சகலையின் கடை, அதுவும் புகைக்குழாய்க் கடைதான். முழுக்கக் கண்ணாடி முகப்பு, உள்ளே ஜில்லென்ற காற்று, தரையைப் பார்த்துத் தலை சீவிக்கொள்ளலாம். குழாயை வளைக்க ஒரு மெஷின், வெட்ட ஒரு மெஷின், அளக்க ஒரு கம்ப்யூட்டர். சகலையின் நகக்கண்ணில் கறுப்பு கிடையாது. பந்தயத்துக்கென்றே ஒரு வெள்ளைக் கார், அதை ஓட்டச் சம்பளத்துக்கு ஓர் ஆள். இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அறுபத்திரண்டு வயதில் அந்த மண்டையில் அவ்வளவு முடி எதற்கு? சைலன்சர்காரருக்கு நாற்பதிலேயே நெற்றி போய்ப் பிடரியைத் தொட்டுவிட்டது.

"அத்தானுக்கு அது பரம்பரைங்க," என்பாள் மனைவி.

"மை பூசுறது எந்தப் பரம்பரை?"

"பூசுறதுக்காவது அவருக்கு இருக்கே."

அந்தச் சகலையின் கடையிலிருந்துதான் பல் டாக்டரம்மா வந்தார். வாரத்தில் ஆறு நாள் அடுத்தவர் பல்லைப் பிடுங்குகிறவர், ஏழாவது நாள் பந்தயக் கார் ஓட்டுகிறவர். பழைய விமான ஓடுதளத்தில் இரண்டு கார் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு விழுந்ததும் கால் மைல் தூரம் நேராகப் பாய வேண்டும். எது முதலில் கோட்டைத் தாண்டுகிறதோ அது ஜெயித்தது. பத்துப் பன்னிரண்டு விநாடியில் கதை முடிந்துவிடும்.

அவருடைய சிவப்புக் கார் இழுவை வண்டியிலிருந்து இறங்கியது. பானட்டைத் திறந்ததும் சைலன்சர்காரர் 'ச்சொ' கொட்டினார். எஞ்சினின் நாலு வாயிலிருந்தும் புகையை வாங்கி ஒரே வாயில் சேர்க்கும் நாலு குழாய்க் கொத்துக்கு ஹெடர் என்று பெயர். இதில் இருந்தது பெட்டியில் ரெடிமேடாக வந்தது. முகம் பார்க்கலாம் போல மின்னியது. ஆனால் மூன்றாவது குழாய் ஸ்டியரிங் தண்டில் இடித்திருக்கிறது, இடித்த இடத்தைச் சுத்தியலால் தட்டி உள்ளே அமுக்கியிருந்தார்கள்.

"மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஓடுன்னா எப்படிம்மா ஓடும்?"

"அதான் மூணு தடவை தோத்தேன். உங்க சகலைதான் இங்க போகச் சொன்னார், மாஸ்டர்."

சைலன்சர்காரர் நிமிர்ந்தார். "அவரா? என்ன சொல்லி அனுப்பினார்?"

டாக்டரம்மாவுக்கு ஒளிக்கத் தெரியாது. "'என் பணத்துல கடை வச்ச ஆளுதான், என் பேரைச் சொல்லுங்க, கூலி குறைச்சுப் போடுவான்'னு சொன்னார்."

உள்ளே நின்ற மனைவி நாக்கைக் கடித்துக்கொண்டாள். கல்யாண வீட்டைத் தாண்டி, முகம் தெரியாத டாக்டர் வரைக்கும் போய்விட்டது அந்தப் பேச்சு. சைலன்சர்காரர் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"கூலியில ஒண்ணும் குறையாது. ஆனா ஒண்ணு. இந்தச் சிவப்பு அந்த வெள்ளையை முந்தலேன்னா எனக்குக் கூலியே வேணாம். பந்தயம் எப்போ?"

"பதினாறு நாள் இருக்கு."

"போதும்."

ஜெயித்துவிட்டால் சகலை இனி எந்த வாயோடு அந்தப் பேச்சைப் பேசுவார்? அது ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. கூலி, கால் மைல், கோப்பை எல்லாம் டாக்டரம்மாவின் கவலை.

வேலை தொடங்கியது. எஞ்சின் முகத்தில் உட்காருவதற்கு நாலு ஓட்டை போட்ட இரும்புப் பட்டை ஒன்று, சுண்டுவிரல் தடிமனில். அதைக் காரிலேயே மாட்டிக்கொண்டு, கம்பியை வளைத்து வளைத்து வழி பார்த்தார். ஸ்டியரிங் தண்டுக்கு ஒதுங்கி, ஸ்டார்ட்டருக்கு மேலே ஏறி, பிளக் வயரைச் சுடாமல் இறங்க வேண்டும். பிறகு எவர்சில்வர் குழாயை முள்ளங்கி அரிகிற மாதிரி சாய்வாகத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் கொஞ்சம் திருப்பி ஒட்டவைத்து வளைவு எடுத்தார். மெஷின் ஒரு நிமிஷத்தில் வளைப்பதை இவர் அரை நாளில் வளைத்தார். ஆனால் மெஷின் தனக்குத் தெரிந்த வளைவைத்தான் வளைக்கும். இவர் காருக்குத் தேவையான வளைவை வளைத்தார்.

நாலு குழாயும் ஒரே நீளம் இருந்தாக வேண்டும். ஒன்றின் மூச்சு வெளியேறும் வேகத்தில் அடுத்ததை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஒன்று நெட்டை ஒன்று குட்டை என்றால், ஒற்றை வாசல் வீட்டில் நாலு மருமகள் மாதிரி வாசலில் முட்டிக்கொண்டு நிற்கும். நாடாவால் அளக்கத் தெரியாதவருக்கு அளவு தண்ணீர்தான். குழாயின் ஒரு வாயைக் கார்க் வைத்து அடைத்துப் பிடித்துக்கொள்வார். மனைவி எவர்சில்வர் டம்ளரால் ஊற்றுவாள். நாலும் ஒரே தண்ணீர் குடித்தால் நாலும் ஒரே நீளம். முப்பது வருஷமாக டம்ளரும் மாறவில்லை, ஊற்றும் கையும் மாறவில்லை.

முதல் மூன்று குழாயும் ஆறு டம்ளரும் ஒரு வாயும் குடித்தன.

"நாலாவது கால் டம்ளர் குறைச்சலாக் குடிக்குது," என்றாள்.

"ஒழுங்கா ஊத்துனியா?"

"முப்பது வருஷமா உங்களுக்கு டீ ஊத்துற கைங்க இது. வெட்டுங்க."

வெட்டினார். இரண்டு விரற்கடைத் துண்டு ஒன்று சேர்த்தார். இப்போது அதுவும் சரியாகக் குடித்தது.

பிறகு முழு வெல்டிங். அதற்கு அவரிடம் ஒரு சட்டம் உண்டு. புள்ளி வைத்து ஒட்டிய ஹெடரைக் காரிலிருந்து கழற்றி, அதன் பட்டையை ஒரு தடித்த இரும்புப் பலகையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டுத்தான் வெல்டிங் வைப்பார். வைத்த பிறகும் ஓர் இரவு முழுக்க அது பலகையிலேயே கிடக்க வேண்டும். "சூட்டுல அவுத்தா இரும்பு மூஞ்சியைத் திருப்பிக்கும்," என்பார். டீ வாங்கித் தர வந்தவனிடம்கூட இதைச் சொல்லியிருக்கிறார்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் கடைசி வெல்டிங்கை முடித்து முகமூடியைத் தூக்கினார். மனைவி போனை வைத்துவிட்டு வந்தாள்.

"அக்கா பேசினா. அவளும் அத்தானும் நாலு மணிக்கு இந்தப் பக்கமா வர்றாங்களாம். ஹெடரை அத்தான் பார்க்கணும்னாராம்."

மணி இரண்டரை. பலகையில் கிடந்த ஹெடரைப் பார்த்தார் சைலன்சர்காரர். பலகையில் கிடந்தால் அது வெறும் இரும்புக் கொத்து. காரில் ஏறி உட்கார்ந்தால்தான் ஹெடர். சகலை பானட்டுக்குள் குனிவதையும், அந்த மைபூசிய முடி முன்னால் சரிவதையும், முகம் சுண்டிப்போவதையும் மனதுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். இனித்தது. ஸ்பானரை எடுத்தார்.

"ஏங்க, நாளைக்குத்தானே அவுப்பீங்க?"

"எல்லாம் ஆறிடுச்சு."

"அப்புறம் எதுக்குக் கையில துணி சுத்தியிருக்கீங்க?"

ஊருக்கெல்லாம் வாய் திறப்பவர் அப்போது வாயை மூடிக்கொண்டு முதல் போல்ட்டைக் கழற்றினார்.

நாலு மணிக்குச் சகலை தன் மனைவியோடு வந்தார். பாலிஷ் போட்ட ஷூவைத் தரையின் எண்ணெயில் படாமல் தூக்கித் தூக்கி வைத்தார். குனிந்தார். மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழுந்திருந்த வெல்டிங்கைச் சுத்தமான விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் மூன்றாவது குழாய் ஸ்டியரிங் தண்டைச் சுற்றிப் போகும் இடத்தில் நின்றது.

"நல்லாத்தான்பா செஞ்சிருக்க."

முப்பத்தொரு வருஷத்தில் இதுதான் முதல் தடவை. சைலன்சர்காரருக்குக் காதுவரை சூடேறியது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது?

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டட்டுமா?" என்றார்.

எஞ்சின் உறுமியது. உறுமலுக்கு அடியில் ஒரு சின்னச் சத்தம், டிக், டிக், டிக். பட்டைக்கும் எஞ்சினுக்கும் நடுவே எங்கேயோ காற்று கசிந்தது. அவர் காதுக்கு அது கேட்ட அதே நொடி சகலைக்கும் கேட்டுவிட்டது. குனிந்திருந்த தலை மெதுவாக நிமிர்ந்தது.

"என்ன சகலை, உன்னை மாதிரியே இதுவும் பேசுது?"

மனைவியின் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சகலை அவர் தோளில் தட்டினார். அந்தத் தட்டலைத்தான் தாங்க முடியவில்லை.

"விடுப்பா. ஆறாயிரத்துக்கு அவ்வளவுதான் வரும்."

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தபோது சைலன்சர்காரரின் கையில் இரண்டு கேஸ்கட் இருந்தது. பட்டைக்கும் எஞ்சினுக்கும் நடுவே கசிவை அடைக்கும் தகடு அது; ஒன்று போடுகிற இடத்தில் இரண்டாகப் போட்டு இறுக்கினால் சத்தம் அடங்கிவிடும். பந்தயத்தில் பாதித் தூரத்தில் வெடித்துக்கொண்டு வெளியே வந்தாலும் வரும். பெட்டி ஹெடரைச் சுத்தியலால் அமுக்குகிறவன் செய்கிற வேலை அது. தெரிந்தும் ராத்திரியிலிருந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் கேஸ்கட்டை மேஜையில் போட்டார்.

"லீக் ஆகுதும்மா. இரும்பு மேல தப்பில்ல. சூட்டுல அவுத்தது நான்."

"உங்க சட்டமே அதானே? ஏன் அவுத்தீங்க?"

"சகலை வர்றார்னு சொன்னாங்க."

டாக்டரம்மா சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேரு இப்படித்தான் மாஸ்டர். அடுத்தவங்களை நினைச்சுப் பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேய்ச்சிருப்பாங்க. சரி, எவ்வளவு வளைஞ்சிருக்கு?"

"முடி அளவு இருக்கும். எங்கன்னுதான் தெரியல. கண்ணுக்குச் சிக்க மாட்டேங்குது."

டாக்டரம்மா காரிலிருந்து தன் கைப்பையை எடுத்து வந்தார். அதிலிருந்து ஒரு சின்னப் புத்தகம் மாதிரி ஒன்று வெளியே வந்தது. உள்ளே விரல் அகலத்தில் நீலத் தாள்கள்.

"பல்லுக்கு அடைப்பு வச்சதும் இதைக் கடிக்கச் சொல்லுவோம். எந்த இடம் உசந்து இடிக்குதோ அங்க மட்டும் நீலம் ஒட்டும். அதை மட்டும் தேய்ச்சா போதும்."

சைலன்சர்காரர் தாளை வாங்கி முகர்ந்து பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் தனக்குத் தோன்றாத ஒன்று ஒரு பல் டாக்டருக்குத் தோன்றிவிட்டதே என்று அங்கேயும் கொஞ்சம் எரிந்தது. ஆனாலும் ஹெடரைக் கழற்றினார். தடித்த கண்ணாடிப் பலகையில் நீலத் தாள்களை வரிசையாகப் பரப்பி, பட்டையை அதன்மேல் வைத்து அழுத்தித் தூக்கினார். நடுவில் திட்டாக நீலம் அப்பியிருந்தது. இரண்டு ஓரமும் வெறுமையாக இருந்தன.

"தொப்பை போட்டிருக்கு," என்றாள் மனைவி.

அரத்தை எடுத்து உட்கார்ந்தார். நீலத்தைத் தேய்ப்பார், மறுபடி வைத்து அழுத்துவார், மறுபடி தேய்ப்பார். மனைவி தாள் மாற்றிக் கொடுத்தாள். இரண்டு நாள், மூன்று புத்தகம் தாள். கொஞ்சம் கொஞ்சமாக நீலம் ஓரம் நோக்கி நகர்ந்தது. மூன்றாம் நாள் காலையில் பட்டை முழுக்கச் சீராக நீலம் ஒட்டியது. காரில் ஏற்றி, ஒரே ஒரு கேஸ்கட் வைத்து, ஸ்டார்ட் செய்து பட்டைக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். டிக் இல்லை.

பந்தயத்தன்று ஓடுதளத்தின் கம்பிவேலி ஓரமாக நின்றார். வெள்ளையும் சிவப்பும் கடைசிச் சுற்றில் பக்கத்துப் பக்கத்தில் வந்து நின்றன. பச்சை விழுந்ததும் அவர் காரைப் பார்க்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டார். சிவப்பின் சத்தம் நாலு குரலும் ஒரே தொண்டையாக, பிசிறில்லாமல், மேலே மேலே ஏறிப்போனது. வெள்ளையின் சத்தம் அதற்குப் பின்னால் வந்தது. பின்னால்! கண்ணைத் திறக்கும் முன்பே அவருக்குத் தெரிந்துவிட்டது. அரைக் கார் நீளம்.

சகலை அன்றைக்கு அவர் பக்கமே வரவில்லை. ஆறு நாள் கழித்து, ஒரு காலை நேரத்தில் கடைக்கு நடந்து வந்தார், தனியாக. உட்கார இருந்த ஒரே ஸ்டூலில், துடைக்காமலே உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு கொடு."

"உங்க மெஷினு என்னாச்சு?"

"என்கிட்ட வளைக்கத் தெரிஞ்ச மெஷின்தான் இருக்கு. தண்ணி ஊத்தத் தெரிஞ்ச மெஷின் இல்ல." சகலை அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் நகக்கண்ணையும் ஒரு முறை பார்த்தார். "சின்ன வயசுலேயே உன் கைக்கு இது வரும்னு தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தேன். கூலி என்னன்னு சொல்லு."

சைலன்சர்காரர் அந்த முடியைப் பார்த்தார். இப்போதும் கொஞ்சம் எரியத்தான் செய்தது. உள்ளே போய்த் தகர டப்பாவை எடுத்து வந்தார்.

"கூலி அப்புறம். முதல்ல கையை நீட்டுங்க."

"எதுக்குப்பா அதெல்லாம்? உனக்கும் எனக்கும் நடுவுல..."

"கணக்கு இருக்கு. இதை வாங்கினா ஹெடர் உண்டு. வாங்கலேன்னா இல்ல."

சகலை மச்சினியைப் பார்த்தார். அவள் டம்ளரைத் துடைத்துக்கொண்டே வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இதை வாங்கிட்டா, நாலு பேரு நடுவுல உன்னைப் பத்தி நான் என்னத்தைப்பா சொல்லுவேன்?"

"செஞ்சு கொடுத்த ஹெடரைப் பத்திச் சொல்லுங்க."

சகலை டப்பாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு, "வட்டி?" என்றார், விளையாட்டுப் போல.

"அதைத்தான் கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு வசூல் பண்ணிட்டீங்களே."

சகலை சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். வெள்ளை வெளேர் என்ற உள்ளங்கை. சைலன்சர்காரர் கட்டைவிரலை நாக்கில் தொட்டுக்கொண்டு, வாய்விட்டு எண்ணி வைத்தார். ஒவ்வொரு நோட்டிலும் அவர் விரலின் கறுப்பு ஒட்டியது. சகலை துடைக்கவில்லை. பன்னிரண்டாவது நோட்டு விழும்வரை அந்தக் கை விரிந்தபடியே இருந்தது.